மிச்சத்தை ஆர் கட்டினது?

வருடத்துக்கு ஒரு நாள் எனக்கு வயிறு சரியில்லாமல் போகும். எங்கள் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கிற நாள் அது. அன்று காலை எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சிலேயே நிற்கும். சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மிஸ்ஸி வருவார் என்கிற நினைப்புதான் காரணம்.

பினாங்கில் தாதியை, அதாவது நர்ஸை, நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் பெரியாஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கையில் ஒரு துணிப் பை. ஆள் என்னவோ ஒல்லிதான். வாயைத் திறந்தால் கூட்டம் நடக்கிற ஹோட்டல் மண்டபமே அவருக்குப் போதாது.

நான் பீச் ஸ்திரீட்டில் இருந்த ஒரு தோட்டக் கம்பெனியின் செக்ரட்டரி. உடனே டைப் அடிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். பங்குதாரர்கள் யார் யார் என்று பதிந்து வைப்பது, கூட்டத்தைச் சட்டப்படி நடத்துவது, பங்கு கைமாறினால் புதுச் சான்றிதழ் கொடுப்பது எல்லாம் என் தலையில். எண்பதுகளில் இதெல்லாம் காகிதத்திலும் கோந்திலும்தான் நடந்தது.

கம்பெனிக்குத் தீவுக்கு அக்கரையில், பெருநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டமும் ஓர் எண்ணெய் ஆலையும் இருந்தன. பழத்தை அவித்துப் பிழிந்த பிறகு கறுப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும். அதைக் குளங்களில் தேக்கி, புளித்து அடங்கவிட்டு, அப்புறம்தான் ஆற்றில் விட வேண்டும். எங்கள் குளங்கள் தூர்ந்து போயிருந்தன. தண்ணீர் அடங்குவதற்கு முன்பே வழிந்து ஆற்றுக்குப் போய்விடும். அந்த ஆற்றில்தான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஜனங்கள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. அந்தப் பிள்ளைகளை வார்டில் வைத்து மருந்து போட்டுப் போட்டு அலுத்துப்போனவர் மிஸ்ஸி.

ஓய்வு பெற்றதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? கோயில் குளம் என்று போயிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் தம்பி குடும்பம் இருந்தது, அங்கே போயிருக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து எங்கள் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"மிஸ்ஸி, இவ்வளவு கோவம் இருக்குற கம்பெனில போயி ஏன் ஷேர் வாங்கினீங்க?"

"வெளியிலை நிண்டு கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? உள்ளுக்கு நிண்டு கேட்டால் நீர் சொல்லத்தானே வேணும்."

அதோடு போச்சு என் நிம்மதி.

மிஸ்ஸியிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதையே எல்லா இடத்திலும் கேட்பார். ஒருமுறை நானும் என் மனைவியும் சௌராஸ்தா பாசாரில் இறால் வாங்கிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நல்ல மலிவு. பக்கத்தில் மிஸ்ஸி வந்து நின்றார். விலையைக் கேட்டார், இறாலைப் பார்த்தார், பிறகு கடைக்காரரிடம் மலாயில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எந்தக் கரையில் பிடித்தது, அந்த அலையாத்திக் காட்டை வெட்டிவிட்டார்களா, படகுக்காரனுக்கு என்ன கிடைத்தது? கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மிஸ்ஸி எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு மலிவா இருக்கிறதெண்டால் முழுக் காசையும் நாங்கள் கட்டேல்லை. மிச்சத்தை ஆர் கட்டினது?"

என் மனைவி அளந்த இறாலைத் திரும்பக் கொட்டிவிட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் இறால் சம்பல் இல்லை. "உங்க ஆபீஸ் தலைவலி பாசார் வரைக்கும் வருதா லா" என்று எனக்குத்தான் திட்டு.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் கேட்டதும் இதே கேள்விதான். பினாங்கில் பொதுக்கூட்டம் என்றால் பாதி ஊர் அதைச் சாப்பாட்டுக்கூட்டம் என்றே நினைத்திருந்தது. ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கொஞ்சம் பங்கை வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி எந்த ஹோட்டலில் கூட்டம் போடுகிறது, பிரியாணியா நாசி லெமாக்கா, கையில் என்ன கொடுத்தனுப்புவார்கள் என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் நல்லவர்கள். கேள்வியே கேட்கமாட்டார்கள். மிஸ்ஸி மட்டும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கணக்கறிக்கையை மடியில் விரித்து, நிகர லாபம் என்று அச்சடித்திருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

"இந்த லாபத்திலை ஆத்தைக் கழிச்சனீங்களோ?"

எங்கள் சேர்மன் ஒரு டத்தோ, அரசாங்கம் கொடுத்த பட்டம். செட்டிநாட்டுக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறைப் பணக்காரர். அவர் கூட்டம் நடத்துகிற லட்சணமே தனி. முன்னால் இருக்கிற தாளைவிட்டுத் தலையைத் தூக்கமாட்டார். முன்மொழிந்தாயிற்றா, வழிமொழிந்தாயிற்றா, கை தூக்குங்கள், நிறைவேறியது. கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். மிஸ்ஸி எழுந்தால் மட்டும் தலையைத் தூக்காமலே என் பக்கம் பேனாவை நீட்டுவார். பதில் சொல் என்று அர்த்தம்.

"மிஸ்ஸி, ஆறு கம்பெனி சொத்து இல்ல. அதனால அது கணக்குல வராது."

"கம்பெனிக்குச் சொந்தமில்லாததைக் கம்பெனி பாவிச்சுப் பழுதாக்கலாமோ? அதுக்குப் பேர் என்ன தம்பி?"

சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மேடையில் எனக்குத்தான் வேர்த்தது.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போவார்கள். மிஸ்ஸி துணிப் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் எடுத்து, வெறும் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து தின்பார். ஒருமுறை பங்குதாரர்களுக்கு நல்ல குடை கொடுத்தோம். அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, இதை எந்தச் செலவில் எழுதினீர் என்று கேட்டுவிட்டுப் போனார். வெளியே அடை மழை. நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

இதைவிட மோசம் அவருடைய பில். ஞாயிறு தவறாமல் பெரி என்கிற கடல் படகில் ஏறி அக்கரை போவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மருந்து போடுவார். எங்கள் கம்பெனி கொடுக்கிற ஈவுத்தொகையை எடுத்து அந்தக் களிம்பையும் பஞ்சையும் வாங்குவார். வாங்கிய ரசீதுகளை வருடக் கடைசியில் கட்டி எனக்கு அனுப்புவார். மேலே ஒரு வரி எழுதியிருப்பார்: லாபத்திலிருந்து கழிக்க. பணம் கேட்கமாட்டார், கழித்தால் போதும். நான் அதை ஒரு கோப்பில் போட்டு வைப்பேன். வேறு என்ன செய்வது?

ஒரு வருடம் டத்தோவுக்கே மனசு இளகிவிட்டது. பத்திரிகைக்காரர் ஒருவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசீதுகளைக் கூட்டி, அந்தத் தொகைக்கு ஒரு காசோலை போட்டு, மாலையோடு மிஸ்ஸியிடம் கொடுக்க ஏற்பாடு. மிஸ்ஸி காசோலையை வாங்கினார். கூட வந்த கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். தோட்டப் பிள்ளைகளின் நலனுக்கு நன்கொடை என்று போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மிஸ்ஸி, காசு காசுதானே! எந்தப் பேர்ல வந்தா என்ன?"

"தருமம் எண்டு எழுதாதையும். செலவு எண்டு எழுதும். தருமம் எண்டால் நீங்கள் நல்லவங்கள். செலவு எண்டால்தான் நீங்கள் செய்த வேலை தெரியும்."

படம் எடுக்க வந்தவர் மாலையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். டத்தோ பிறகு என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் மிஸ்ஸியின் பங்குகள் கைமாறத் தொடங்கின. ஒவ்வொரு படிவமாக வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்கு. வாங்குகிறவர்கள் எல்லாம் தோட்டத்து லயத்துப் பெண்கள். ஒரு பங்குக்கு ஒரு சான்றிதழ் அச்சடித்து முத்திரை குத்துகிற செலவு அந்தப் பங்கின் விலையைவிட அதிகம். ஞாபகார்த்தமாக ஏதோ கொடுத்துவைக்கிறார், வயசாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே பதிந்தேன். சட்டப்படி பதியாமல் இருக்கவும் முடியாது.

அந்த வருடக் கூட்டத்துக்கு ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. நம் பழைய ஆட்கள் அவர்களைப் பார்த்துச் சாப்பாடு பத்தாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டார்கள். கவலை முற்றி, கணக்கறிக்கை முடிந்து ஈவுத்தொகைத் தீர்மானம் வருவதற்குள் ஒவ்வொருவராக நழுவி வெளியே சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். மண்டபத்தில் மிஞ்சியவர்கள் அந்தப் பெண்களும் மிஸ்ஸியும்தான்.

மிஸ்ஸி எழுந்தார். ஈவுத்தொகையைப் பங்குக்கு ஒரு காசு குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பங்குதாரர்கள் ஈவுத்தொகையைக் கூட்டித் தரச் சொல்ல முடியாது. குறைக்கச் சொல்லலாம். சட்டத்தில் அப்படி ஒரு மூலை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தனக்கு வருகிற காசைக் குறைக்கச் சொல்லி எந்தப் பங்குதாரர் எழுந்து நிற்பார்? முன்வரிசையில் ஒரு பெண் வழிமொழிந்தார். டத்தோ வழக்கம்போலத் தாளைப் பார்த்தபடி கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன, வளையல்கள் கலகலத்தன.

கை தூக்கி ஓட்டெடுத்தால் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான், லட்சம் பங்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான். பங்கு எண்ணிக்கைப்படி எண்ண வேண்டும் என்று சேர்மன் கேட்கலாம். ஆனால் முடிவை அறிவிக்கும் முன்பே கேட்க வேண்டும். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் காதருகே குனிவதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"நிறைவேறியது."

பிறகுதான் தலையைத் தூக்கினார். எதிரே நாற்காலிகள், பூ வைத்த தலைகள், இன்னும் இறங்காத சில கைகள்.

"என்னய்யா நிறைவேறிச்சு?"

"ஈவுத்தொகையில ஒரு காசு குறைஞ்சிருச்சு டத்தோ."

"நீ ஏன் முன்னாலயே சொல்லல?"

"நான் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க லா."

சாப்பாட்டு வரிசையில் செய்தி பரவியதும் தட்டோடு சண்டைக்கு வந்தார்கள். ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் என் சட்டையையே பிடித்துவிட்டார். வழிமொழிந்த பெண்ணிடம் போய், "ஏன் அக்கா, உங்களுக்கு வர்ற காச நீங்களே கொறைச்சுக்கிட்டீங்களே?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு என்னா தம்பி, ஒரே ஒரு காசுதான. புள்ளைங்கள ஆத்துல எறக்க முடியல. அந்தக் காசுல குளத்த வெட்டட்டும்னுதான் கையத் தூக்குனோம்" என்றார். சொல்லிவிட்டு ரெண்டாவது தடவை கோழி எடுக்கப் போனார். மிஸ்ஸி உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

அந்த ஒரு காசு எல்லாப் பங்குக்கும் சேர்ந்து நல்ல தொகையாகக் கம்பெனியில் தங்கியது. அதை எதற்குச் செலவழிப்பது என்று பங்குதாரர்கள் கட்டளையிட முடியாது, அது இயக்குநர்கள் பாடு. டத்தோ அதைத் தொடுவதாக இல்லை. மிஸ்ஸி மாதாமாதம் ஆபீசுக்கு வரத் தொடங்கினார். வரவேற்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். "அந்த ஒரு காசு எங்கை நிக்குது தம்பி?" வங்கிக்காரர்கள் வருவார்கள், எண்ணெய் வாங்குகிறவர்கள் வருவார்கள். எல்லாரிடமும் தான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று விளக்கமாகச் சொல்வார். கடைசியில் டத்தோவே கத்தினார்: "ஒரு குழியத் தோண்டித் தொலைச்சு அந்தம்மா வாய மூடுங்கய்யா!"

இப்படித்தான் எங்கள் ஆலைக்குப் புதுக் கழிவுநீர்க் குளம் வந்தது. நன்றாகத்தான் வந்தது. ஆறு சில மாதங்களில் தெளிந்தது. அடுத்த ஆண்டறிக்கையில் அந்தக் குளத்தை முழுப்பக்க வண்ணப்படமாகப் போட்டோம். கூட்டத்தன்று காலை எனக்கு வயிறுகூட நன்றாக இருந்தது. இன்றைக்கு மிஸ்ஸி நன்றி சொல்லாவிட்டாலும் சிரிக்கவாவது சிரிப்பார் என்று நம்பினேன். அவர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"வடிவான குளம். தோண்டின மண்ணை எங்கை கொட்டினனீங்கள்?"

எனக்குத் தெரியவில்லை. டத்தோவுக்கும் தெரியவில்லை. மண்டபமே சிரித்தது. எனக்கு வந்த எரிச்சலில் அந்தச் சனிக்கிழமையே பெரி ஏறி, பஸ் மாறி, தோட்டத்துக்குப் போனேன். அத்தனை வருடம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து அதுவரை நான் அந்த ஆலையைப் பார்த்ததே இல்லை. மண்ணைக் குன்றாகக் குவித்திருந்தார்கள், லயத்துக்குப் பின்னால், வாய்க்காலை அடைத்துக்கொண்டு. மழைக்காலம் வந்தால் தண்ணீர் நேராக வீடுகளுக்குள் ஏறும். கைகூப்பி வணங்க வேண்டும்போல இருந்தது, அந்த அம்மாவின் கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது.

ஆலை மேனேஜர் பட்ஜெட்டில் இடமில்லை என்றார். டத்தோ என்னைப் பேசவே விடவில்லை. "குளம் வெட்டியாச்சு, படமும் போட்டாச்சு. இனி மண்ணுக்கு ஒரு காசா? போயி வேலையப் பாரு லா." மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து ஊரான நிபோங் திபாலில் தெரிந்த லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, என் சம்பளத்திலிருந்து கொடுத்து, மண்ணை அள்ளிப் பள்ளமான இடத்தில் நிரப்பச் செய்தேன். தருமம் செய்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு தரம் முழித்துக்கொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் அந்த நாற்காலி காலி. டத்தோகூட இந்த முறை தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் கேள்வி உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் நிறைவேறியது. பிரியாணி ஆறுவதற்கு முன்பே கூட்டம் முடிந்துவிட்டது. எனக்கு ஒரே ஆத்திரம். வராதவர் மேல் இப்படி ஓர் ஆத்திரம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மிஸ்ஸி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அந்தப் பழைய வாத்தியார்தான் சொன்னார். அன்று சாயங்காலமே போனேன். தான் வேலை பார்த்த இடத்திலேயே கட்டிலில் கிடந்தார். பாதியாக வற்றியிருந்தார். கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவியது.

"கூட்டம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சு மிஸ்ஸி."

"ஆரும் ஏதும் கேட்டவையோ?"

"ஒருத்தரும் கேக்கல. ஆனா மண்ண எடுத்தாச்சு. மழைக்கு முன்னாலயே எடுத்தாச்சு. ஒரு வீட்டுலயும் தண்ணி ஏறல."

கடிகாரத்தை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"லாரிக்கு ஆர் கட்டினது?"

கம்பெனி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மருந்தைக் குடிக்காமல் குடித்தேன் என்று சொல்கிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். "நான்தான்" என்றேன். இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, ஆசையாகவே காத்திருந்தேன்.

"அப்ப உங்கடை லாபக் கணக்கு இன்னும் பிழைதானே. உம்மடை காசைக் குடுத்து அந்தப் பொய்யைக் காப்பாத்திப் போட்டீர், தம்பி."

எழுந்து வந்துவிட்டேன். வீடு வரை நடந்தே போனேன். நன்றி கெட்ட கிழவி என்று வழியெல்லாம் சத்தமாகவே திட்டினேன். ராத்திரி முழுக்கத் திட்டினேன். காலையில் லாரிக்காரர் கொடுத்த ரசீதை எடுத்துக்கொண்டுபோய் டத்தோவின் முன்னால் வைத்தேன்.

"இது என்ன, உன் கைக்காசா? நீயும் நல்ல மனசுக்காரன்தான் லா. நன்கொடைல போட்டுத் தந்துறச் சொல்றேன்." பேனாவை எடுத்தார்.

வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

"வேணாம் டத்தோ. நன்கொடைன்னு எழுதாதீங்க. ஆலைச் செலவுன்னு எழுதுங்க."

அவர் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். "ஒட்டிக்கிச்சாய்யா உனக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆலைச் செலவு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "சரி" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சரி அது. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, போய்வருகிறேன் என்று எழுந்தேன்.

"தம்பி."

"சொல்லுங்க மிஸ்ஸி."

"இந்த வருசம் சரி. அதுக்கு முந்தின வருசங்களிலை கழிக்காமல் விட்டதை என்ன செய்யப் போறீர்?"

கடவுளே என்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.